சென்னை முதல் கோடிக்கரை வரை: முதல்முறை கார் எடுத்துப் போகிறவர்களுக்கு

முதல்முறை இந்தப் பாதையில் போனபோது, புதுச்சேரியில் நிதானமாக டிபன் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரை மணிக்குக் கிளம்பினேன். சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. கோயில் நடை சாத்திவிட்டார்கள். சரி, பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போகலாம் என்று வண்டியைத் திருப்பினால், உச்சி வெயிலில் படகில் உட்கார முடியவில்லை. கூட வந்த அம்மாவுக்குத் தலைசுற்றல். தரங்கம்பாடிக்கு வந்தபோது இருட்டிவிட்டது, கோட்டையும் மூடிவிட்டது. அன்றைக்கு ஓட்டிய தூரம் 150 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் எந்த ஊருக்கும் அதற்குரிய வேளையில் போய்ச் சேரவில்லை.

அதற்குப் பிறகு பலமுறை போய்வந்ததில் ஒரு கணக்கு பிடிபட்டது. இந்தக் கடற்கரையில் காலை 6 முதல் 11 வரையும், மாலை 4 முதல் 6.30 வரையும் இறங்கி நடப்பதற்கான நேரம். வெயில் ஏறி, கோயில்கள் சாத்தி, பறவைகளும் அடங்கிவிடுகிற உச்சிப்பொழுதுதான் வண்டி ஓட்டுவதற்கு. இருட்டிய பிறகு ஓட்டவே வேண்டாம். இதை வைத்துத் திட்டமிட்டால் ஒரு நாளைக்கு 120, 150 கிலோமீட்டர் என்பதே நிறைவாக இருக்கும். கீழே உள்ளது ஐந்து பகல், நான்கு இரவுக்கான திட்டம். மூன்று நாள்தான் லீவு என்றால் எங்கே திரும்புவது என்பதையும் சொல்கிறேன்.

எப்போது போகலாம்

அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டுக் கடற்கரைக்குப் பெரும்பகுதி மழை அப்போதுதான். புயல் வருவதும் பெரும்பாலும் அப்போதுதான். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே, அதாவது நாம் போகிற அதே பாதையில். அந்த இரண்டரை மாதத்தில் முன்கூட்டி ரூம் போட்டுப் பயணம் வைக்காதீர்கள்.

பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, ஜனவரி மூன்றாம் வாரம் முதல் பிப்ரவரி கடைசி வரை மிக நல்ல காலம். மழை ஓய்ந்து ஏரி குளமெல்லாம் நிறைந்திருக்கும். டெல்டாவில் சம்பா நெல் பழுத்து நிற்கும், அறுவடையும் நடக்கும். குளிர்காலத்துக்கு வந்த பறவைகளில் நிறைய இன்னும் கிளம்பியிருக்காது. காணும் பொங்கல் அன்று மட்டும் மாமல்லபுரம் பக்கம் போக வேண்டாம், வண்டி நகராது.

ஏப்ரல், மே மாதங்களில் வெயில் தாங்காது. ஆனாலும் நுங்கும் பதநீரும் சாலையோரம் கிடைக்கிற காலம் அது என்பதால் அப்போதும் கிளம்புகிறவர்கள் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது பெரிய மீன்கள் வரத்து குறைந்து விலை ஏறும். மீன் சாப்பாட்டுக்காகவே போகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வேளாங்கண்ணித் திருவிழா. ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8-ல் முடியும். அதற்கு இரண்டு வாரம் முன்பே காவி உடுத்திய பக்தர்கள் குழுக் குழுவாகச் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே நடந்து போவார்கள். விடியற்காலையிலும் இரவிலும்தான் அதிகம் நடப்பார்கள். சாலையின் இடதுபக்கம் முழுக்க மனிதர்கள். அந்தச் சமயத்தில் முதல்முறையாக ஓட்டிப் பழகாதீர்கள்.

வண்டியும் காகிதமும்

சொந்த வண்டி என்றால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். முந்தின நாள் காட்டினால் ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் நேரம் இருக்காது. பிரேக், கூலண்ட், பேட்டரி, வைப்பர் ரப்பர் இவற்றோடு ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் வண்டியில் இருக்கின்றனவா, நட்டு கையால் கழற்ற வருகிறதா என்று வீட்டு வாசலிலேயே ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். மரக்காணம் பக்கம் உப்பளத்து நடுவே டயர் போனால் அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

செல்ப் டிரைவ் வண்டி எடுப்பவர்கள் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். முறையாக வாடகைக்கு விடும் வண்டிக்குக் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை போட்ட சொந்த வண்டியைத் தெரிந்தவர் மூலம் வாடகைக்கு எடுத்தால், விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கிடைப்பது சிக்கலாகிவிடும். புதுச்சேரி, காரைக்கால் இரண்டும் யூனியன் பிரதேசம் என்பதால் அங்கே போக அனுமதி உண்டா என்பதை எடுக்கும்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு கீறலையும் வீடியோ எடுங்கள், டயரையும் அடிப்பக்கத்தையும் சேர்த்து. ஒருமுறை நான் வீடியோ எடுக்காமல் விட்ட ஒரு பழைய கீறலுக்கு என்னிடமே பணம் பிடித்தார்கள்.

லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் நான்கையும் டிஜிலாக்கரில் ஏற்றிவிட்டு, ஒரு பிரதியும் டாஷ்போர்டில் வையுங்கள். பாஸ்டேக்கில் பணம் போட்டுவிடுங்கள். உத்தண்டியிலேயே முதல் சுங்கச்சாவடி வந்துவிடும். சில்லறையாகக் கொஞ்சம் ரொக்கமும் வேண்டும். படகுத்துறையிலும் காட்டுப் பக்கமும் சிக்னல் இல்லாமல் போனில் பணம் போகாத இடங்கள் உண்டு.

மொத்தத் தூரம் ஊர் சுற்றலோடு சேர்த்து ஏறக்குறைய 900 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 15 கிடைக்கிற வண்டிக்கு 60 லிட்டர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பெட்ரோல், டீசல் விலை வழக்கமாகத் தமிழ்நாட்டைவிடக் குறைவு, அங்கே நிரப்பிக்கொள்ளலாம். மலிவு என்று மதுபாட்டில் மட்டும் வாங்கி வண்டியில் வைக்காதீர்கள். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். சோதனைச்சாவடியில் பிடித்தால் வண்டியே போய்விடும்.

சாலையின் பழக்கவழக்கம்

மாமல்லபுரம் வரை சாலை அகலம். அதற்குத் தெற்கே புதுச்சேரி நோக்கியும், புதுச்சேரிக்குக் கீழே கடலூர், சிதம்பரம், நாகப்பட்டினம் நோக்கியும் நான்கு வழியாக்கும் வேலை நடந்துவருகிறது. சில இடங்களில் முடிந்து புதிய புறவழிச்சாலையே வந்துவிட்டது. சில இடங்களில் திடீரென்று மண்பாதையில் திருப்பிவிடுவார்கள். நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் எதிரே வருகிற வண்டி ஹெட்லைட்டை மின்ன வைத்தால் “நான் வருகிறேன், நீ நில்” என்று பொருள். வெளிநாட்டில் ஓட்டிப் பழகியவர்கள் அதை “நீ போ” என்று எடுத்துக்கொள்வார்கள். அது ஆபத்தான குழப்பம். பேருந்து பின்னாலிருந்து ஒலி எழுப்பினால் ஒதுங்கி வழிவிட்டுவிடுங்கள், போட்டி வேண்டாம்.

அறுவடைக் காலத்தில் டெல்டா கிராமச் சாலைகளில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருப்பார்கள். ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். அதன்மேல் ஏற்றாதீர்கள், அது ஒருவரின் ஆறுமாத உழைப்பு. வேகத்தைக் குறைத்து மற்றப் பாதியில் போங்கள். அறுவடை இயந்திரம், வைக்கோல் ஏற்றிய டிராக்டர், சாலையைக் கடக்கும் வாத்துக் கூட்டம் எல்லாம் வரும். இருட்டில் ஓட்ட வேண்டாம் என்று நான் சொல்வது இவற்றுக்காகத்தான். நாகப்பட்டினத்துக்கு இந்தப் பக்கம் ஒருமுறை இரவு எட்டு மணிக்கு, பின்விளக்கு இல்லாத ஒரு வைக்கோல் வண்டிக்கு இரண்டடி முன்னால் பிரேக் பிடித்து நின்றேன். மாடுகளும் இரவில் தார்ச்சாலையின் சூட்டுக்கு வந்து நடுவிலேயே படுத்திருக்கும். தை மாதத்து விடியற்காலையில் டெல்டாவில் பனிமூட்டம் இறங்கும். எதிரில் ஒன்றும் தெரியவில்லை என்றால் டீக்கடையில் அரைமணி நேரம் நின்றுவிடுங்கள். சூரியன் ஏறினால் கலைந்துவிடும்.

108, 112 இரண்டோடு தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐயும் போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

மேப்பில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடைசி ஊரை மட்டும் போட்டால் அது வேகமான வழியைத் தேடும். கடல் பக்கத்தை விட்டுவிட்டுத் திண்டிவனம் வழியாகவோ, ஊரைச் சுற்றிப் போகும் புறவழிச்சாலையிலோ தள்ளிவிடும். நடுவில் மரக்காணம், பரங்கிப்பேட்டை, பூம்புகார் என்று இடையூர்களைச் சேர்த்துப் போட்டு, முந்தின இரவே ஆப்லைனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: புதுச்சேரி வரை

திருவான்மியூரை ஐந்தரைக்குத் தாண்டிவிட வேண்டும். முட்டுக்காட்டுப் பாலத்தில் வெளிச்சம் வரும்போது நீங்கள் இருந்தால் சரியான நேரம். தட்சிணசித்ரா, முதலைப் பண்ணை இரண்டும் வழியிலேயே உள்ளன. ஆனால் சென்னைக்காரர்கள் அவற்றை வேறொரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மாமல்லபுரத்துக்கு 5 கிலோமீட்டர் முன்னால் சாளுவன்குப்பம். புலிக்குகையை எல்லோரும் பார்ப்பார்கள். அதற்குச் சற்றுத் தள்ளி, 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அகழ்ந்தெடுத்த செங்கல் முருகன் கோயில் இருக்கிறது. வடக்கு நோக்கிய அந்த அடித்தளத்தின் முன்னே கருங்கல்லில் ஒரு வேல் நிற்கும். காலையில் பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் இரண்டுக்கும் ஒரே டிக்கெட். டிக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள். முதலில் கடற்கரைக் கோயில், பிறகு அர்ச்சுனன் தபசு. அந்தப் பாறை கிழக்குப் பார்த்தது, காலை வெளிச்சத்தில்தான் சிற்பங்கள் எழுந்து வரும். பத்தரைக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள்.

இதற்குப் பிறகுதான் நிறையப் பேர் நிற்காமல் போய்விடுகிற பகுதி வருகிறது. கல்பாக்கத்தை ஒட்டிச் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டையும், கப்பல் உருவங்கள் செதுக்கிய கல்லறைகளும் அங்கே உள்ளன. பாலாற்றைக் கடந்தால் சவுக்குத் தோப்புகளும் தென்னையும் மாறி மாறி வரும். கடப்பாக்கத்தில் இடதுபக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. 1750-ல் பிரெஞ்சுக்காரர்களின் கைக்கு வந்து, பத்தே ஆண்டில் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது. மிச்சமுள்ள மதிலுக்கு அந்தப் பக்கம் உப்பங்கழி, அதற்கும் அப்பால் மணல்திட்டு, அதன் பிறகு கடல். மீனவர் படகில் கழியைக் கடந்து மணல்திட்டுக்குப் போகலாம். ஏறுவதற்கு முன்பே போகவர என்ன கூலி என்று பேசிக்கொள்ளுங்கள், லைப் ஜாக்கெட் கேளுங்கள்.

மரக்காணத்தில் சாலைக்கு இருபுறமும் உப்பளம். வெள்ளைக் குவியல்களைப் பார்த்ததும் நிறுத்தத் தோன்றும், ஆனால் நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தாதீர்கள். கிளைச்சாலையில் திருப்பி நிறுத்துங்கள். பாத்திக்குள் கால் வைக்காதீர்கள், வரப்பில் மட்டும் நடங்கள். மரக்காணத்துக்கு மேற்கே பரந்து கிடப்பது கழுவேலி ஏரி. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். நம்முடையது கிழக்குக் கடற்கரை என்பதால் கடலில் சூரிய உதயம்தான் உண்டு. மறைவதைப் பார்க்க இப்படி மேற்கே நீர்நிலை உள்ள இடங்களைத் தேடிப் போக வேண்டும்.

புதுச்சேரியில் காரை விடுதியில் விட்டுவிட்டு நடந்துவிடுங்கள். பழைய பிரெஞ்சுப் பகுதியின் தெருக்கள் குறுகலானவை, நிறுத்த இடம் கிடைக்காது. கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் மறுநாள் காலை வரை வண்டி விட மாட்டார்கள். அதனால் அந்தச் சாலையை ஒட்டி அறை எடுப்பவர்கள், இரவில் வண்டி எங்கே நிற்கும் என்பதை முதலில் கேளுங்கள். ஆரோவில்லின் மாத்ரிமந்திரை வெளியிலிருந்து பார்க்க அங்கேயே சீட்டு கிடைக்கும். உள்ளே போக முன்பே பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாம் நாள்: தரங்கம்பாடி வரை

இந்த நாள்தான் முழுப் பயணத்திலும் நேரம் தப்பக்கூடாத நாள். ஆறு மணிக்குப் புதுச்சேரியை விடுங்கள். கடலூரில் நிற்காமல், எட்டு, எட்டரைக்குப் பிச்சாவரம் படகுத்துறையில் இருங்கள். விசைப்படகு, துடுப்புப் படகு இரண்டும் இருக்கும். துடுப்புப் படகையே எடுங்கள். குறுகலான ஓடைகளுக்குள் நுழைவது அதுதான். மரங்கள் மேலே கூடாரம்போல் வளைந்து, தண்ணீருக்குள் இறங்கிய வேர்களுக்கு இடையே துடுப்பின் சத்தம் மட்டும் கேட்கும். படகுக்காரர் அங்கேயே பிறந்து வளர்ந்தவராக இருப்பார், அவரிடம் பேச்சுக் கொடுங்கள். எது சுரபுன்னை, எது வெண்கண்டல் என்று காட்டுவார். தில்லை மரத்தையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்தது அந்த மரத்தால்தான். அதைத் தொட வேண்டாம், பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கெடுதல். 2004-ல் அலை வந்தபோது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவாக இருந்ததை அங்குள்ளவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

பத்து மணிக்குக் கரையேறினால் பத்தே முக்காலுக்குச் சிதம்பரம். நடை சாத்துவதற்குள் ஒரு மணி நேரம் இருக்கும். அவசரமாக எல்லாச் சன்னதியும் சுற்றுவதைவிடச் சிற்றம்பலத்தின் முன் நின்று பார்த்துவிட்டு, கோபுர வாசலில் உள்ள நாட்டியக் கரணச் சிற்பங்களை ஒரு பக்கமாவது பொறுமையாகப் பாருங்கள். மதியத்துக்குக் கத்தரிக்காய் கொத்சு கிடைக்கிற மெஸ்ஸை ஊரில் விசாரித்துப் போங்கள். சம்பா சாதத்துக்கும் அதுதான் இந்த ஊர்ச் சேர்க்கை.

பிறகு உச்சி வெயிலில் ஓட்டம். கொள்ளிடத்தைக் கடந்ததும் நிலம் மாறும். இனி வயல், வாய்க்கால், மதகு, மூங்கில் கொல்லை. சீர்காழியிலிருந்து திருவெண்காடு வழியாகப் பூம்புகார் போகும் சாலை சிறியது, நிதானமாகப் போங்கள். பூம்புகாரில் பழைய பட்டினத்தைத் தேடினால் கண்ணுக்கு ஒன்றும் கிடைக்காது. கரையில் நின்று காவிரி கடலில் கலக்கும் இடத்தைப் பார்க்கலாம். அங்கே வந்து சேரும்போது காவிரி ஒரு வாய்க்கால் அளவுக்கு ஒடுங்கியிருக்கும். வழியெல்லாம் வயலுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு வந்த ஆறு அது.

நாலு மணிக்குத் தரங்கம்பாடி. 1620-ல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் கட்டிய கோட்டை, மணல் நிறத்தில் கடலைப் பார்த்து நிற்கிறது. 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்கும் வரை இது டென்மார்க்கின் ஊர். ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கியது இங்கேதான். தமிழில் அச்சு வேலை அவரால் இங்கே பெரிதாக வேரூன்றியது. 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் ராஜ வீதியில் இருக்கிறது. கரையோரமாக வடக்கே நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்தது, முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

இங்கே கட்டாயம் ஒரு இரவு தங்குங்கள். அறைகள் குறைவு, அதனால் இந்த ஊரைத்தான் முதலில் பதிவு செய்ய வேண்டும், மற்ற ஊர்களை இதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் 15 கிலோமீட்டர் தெற்கே காரைக்காலில் நிறைய விடுதிகள் உண்டு.

மூன்று நாள் லீவுக்காரர்கள் இங்கிருந்தே திரும்பலாம். மறுநாள் காலை மயிலாடுதுறை, கும்பகோணம் போய், கீழே சொல்லும் ஐந்தாம் நாள் வழியில் சென்னை சேருங்கள்.

மூன்றாம் நாள்: கோடிக்கரை

ஐந்தே முக்காலுக்குக் கோட்டைக்கு முன்னால் கடற்கரையில் இருங்கள். படகுகள் திரும்பி வரும் நேரம். வலையை மிதிக்காதீர்கள், படகின் மேல் செருப்போடு ஏறாதீர்கள். புகைப்படம் எடுக்கும் முன் கேளுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இந்தக் கரையில் அநேகமாக எல்லா வீட்டுக்கும் அந்த நாளோடு தொடர்பு உண்டு. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகக் கிளற வேண்டாம்.

கடலில் குளிப்பதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாமல்லபுரத்திலிருந்து வேளாங்கண்ணி வரை எந்தக் கரையிலும் இடுப்பளவு தண்ணீருக்குப் போகாதீர்கள். கரை திடீரென்று ஆழமாகிவிடும், உள்ளிழுக்கும் நீரோட்டம் பலமானது. நீச்சல் தெரிந்தவர்களும் போயிருக்கிறார்கள். கணுக்கால் நனைய நின்றால் போதும்.

காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி எல்லாம் அடுத்தடுத்து வரும். காரைக்கால் அம்மையாரின் கோயில் ஊர் நடுவிலேயே இருக்கிறது. சனிக்கிழமையானால் திருநள்ளாறு சாலைப் பக்கம் கூட்டம் நெரியும். நாகூர் தர்காவில் சாகுல் ஹமீது நாயகத்தின் அடக்கத்தலம். ஐந்து மினாராக்களில் உயரமானதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் தெருக்கள் நிறைந்திருக்கும், அதற்கு முன்னாலோ பின்னாலோ போங்கள். மாலையில் போனால் இறால் வைத்த வாடா சூடாகக் கிடைக்கும். நம் திட்டத்தில் காலையில் கடப்பதால் அது கிடைக்குமா என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

வேதாரண்யத்தில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். அகஸ்தியம்பள்ளி உப்பளம் ஊரை ஒட்டியே உள்ளது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பெடுத்த இடம் இது. இன்றும் உப்பு விளைகிறது. நினைவுத்தூண் சாலையோரம் இருக்கிறது.

மூன்றரைக்குக் கோடியக்காட்டு வனத்துறைச் சாவடிக்குப் போய்விடுங்கள். 1967-ல் அறிவித்த சரணாலயம். வெளிமான் கூட்டம் புல்வெளியில் மேயும். கூடவே காட்டில் சுற்றும் குதிரைகளும் இருக்கும். நீர்ப்பரப்பில் பூநாரைகள் நவம்பர் முதல் ஜனவரி வரை அதிகம், பிப்ரவரியிலும் பார்க்கலாம். பைனாகுலர் இல்லாவிட்டால் தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடு மட்டும்தான் தெரியும், கடன் வாங்கியாவது கொண்டுபோங்கள். வண்டியை 20 வேகத்துக்குள் வைத்து, ஹாரன் அடிக்காமல், கதவைத் திறக்காமல் பார்த்தால் வெளிமான் ஓடாது. குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள். கொடுக்க ஆரம்பித்தவர்களால்தான் இன்று அவை காரின் மேல் ஏறுகின்றன. இருட்டுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். இரவுக்கு வேதாரண்யம். பெரிய விடுதி வேண்டும் என்றால் மத்தியானமே வேளாங்கண்ணியில் அறை போட்டுப் பெட்டியை வைத்துவிட்டுக் கோடிக்கரை போகலாம். ஆனால் திரும்பி வரும் 50 கிலோமீட்டருக்கு மேல் இருட்டில் ஓட்ட வேண்டிவரும். அதனால் வேதாரண்யத்தையே சொல்வேன்.

நான்காம் நாள்: வயல் வழியே கும்பகோணம்

கடலை விட்டு உள்நாடு. திருத்துறைப்பூண்டி, திருவாரூர், கும்பகோணம் என்று ஏறக்குறைய 110 கிலோமீட்டர். வேகமாகப் போக எதுவும் இல்லாத நாள். திருவாரூரில் கமலாலயக் குளத்தைச் சுற்றி நடந்தாலே ஒரு மணி நேரம் போகும். பிடித்த வயலோரத்தில் நிறுத்துங்கள், சாலையை விட்டு முழுவதும் இறங்கி, மண் இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு. வாய்க்கால் ஓரத்து ஈரமண்ணில் சக்கரம் புதைந்தால் டிராக்டர் வைத்துத்தான் இழுக்க வேண்டும்.

மாலைக்குத் தாராசுரம். ஐராவதேசுவரர் கோயிலின் தேர் மண்டபத்தில் சாயும் வெயில் படும்போது பாருங்கள். இரவு கும்பகோணம். டிபனுக்கு இந்த ஊர்க் கடப்பா (இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் உருளைக்கிழங்கு, பாசிப்பருப்புக் குருமா) கேட்டுச் சாப்பிடுங்கள்.

ஐந்தாம் நாள்: ஏரிக்கரை வழியே வீடு

கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர், அதனால் ஆறு மணிக்குக் கிளம்பல். அணைக்கரையில் கொள்ளிடத்தின் மேல் ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டிய கீழணை. வடக்கே கொஞ்ச தூரத்தில் கங்கைகொண்ட சோழபுரம். எட்டு மணி வெளிச்சத்தில் அந்த விமானத்தைப் புல்தரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

அங்கிருந்து காட்டுமன்னார்கோயில் போய், வீராணம் ஏரிக்கரைச் சாலையைப் பிடியுங்கள். 16 கிலோமீட்டர் நீளக் கரை. ஒருபக்கம் ஏரி, மறுபக்கம் கீழே வயல். சாலை குறுகல், எதிரே பேருந்து வந்தால் ஒதுங்க இடம் பார்த்து நின்றுவிடுங்கள். குழந்தைகள் ஏரிப்பக்கக் கதவைத் திறக்காமல் சைல்ட் லாக் போடுங்கள். சேத்தியாத்தோப்பில் சென்னைச் சாலை சேரும். அதற்குப் பிறகு பார்க்க வேண்டும் என்று எதையும் சேர்க்காதீர்கள். இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை இறங்கிக் கால் நீட்டினால் போதும். ஞாயிறு மாலை என்றால் செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வரை நெரிசல் நிச்சயம், மூன்று மணிக்குள் அதைத் தாண்டப் பாருங்கள்.

வீடு வந்து மறுநாளே வண்டியை வாட்டர் வாஷுக்கு விடுங்கள், மேலே மட்டும் கழுவினால் போதாது. நாலு நாள் உப்புக்காற்றும் உப்பள மண்ணும் அடிப்பக்கத்திலும் சக்கர வளைவுக்குள்ளும் ஏறியிருக்கும். நல்ல தண்ணீரால் அடியைப் பீய்ச்சி அடிக்கச் சொல்லுங்கள். விட்டால் துரு அங்கேதான் தொடங்கும்.